ஒளித்துச் சுவைத்தவை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்றும், அது நம் கல்லூரி வளர்த்த கலைகளைப் பற்றியதாக அமைதல் நன்றென்றும் பழைய மாணவர் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். வளர்த்த கலைகளைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். பண்ணிசைப் போட்டிகளிற் பெற்ற கேடயங்களும், மண்டபத்தில் மேடையேறிய நாடகங்களும், வாணி விழாவுக்கு வந்து பாடிச் சென்ற வித்துவான்களும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுவது உறுதி. ஆதலின் நாம் அவற்றை விடுத்து, கல்லூரி வளர்க்காத, வளரலாகாதென்று தடுத்த, ஆயினும் நம்முள் எல்லாரிடத்தும் தானே வளர்ந்த ஒரு சுவையைப் பற்றிச் சொல்லத் துணிகின்றோம். சினிமாப் பாட்டையே குறிக்கின்றோம். அதனோடு இரண்டாங் காட்சிப் படங்கள், பைலாப் பாட்டு, இக்காலத் தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் ஆகியவற்றையுஞ் சேர்த்துக் கொள்க. இவற்றை விரும்பாதவர் நம்மில் மிகச் சிலர். விரும்புவதாக ஒப்புக்கொண்டவர் அவரினுஞ் சிலர்.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. விழா இரவின் கலை நிகழ்ச்சிகளை வகுக்கும் குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். சென்ற கூட்டத்தில், திரையிசை எவ்வாற்றானும் இடம்பெறலாகாது என்றொரு விதி முன்மொழியப்பட்டது. முன்மொழிந்த அன்பர் அதற்குரிய நியாயங்களை விரித்துரைத்துக் கொண்டிருக்கையில் அவருடைய சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி ஒலித்தது. அழைப்பொலியாக அவர் வைத்திருந்தது ஒரு பழைய படப்பாட்டின் தொடக்க இசை. அதனை அணைக்க அவர் பட்ட பாட்டைக் கண்டும் நாம் எவருஞ் சிரிக்கவில்லை. அன்று சிரித்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது.

1960களின் நடுப்பகுதியில் நாம் விடுதியில் இருந்தோம். விடுதியில் வானொலிப் பெட்டி ஒன்றே இருந்தது. அது மேற்பார்வையாளர் அறையில், பூட்டிய அலுமாரிக்குள் இருந்து, செய்திக்கும் கதாப்பிரசங்கத்துக்கும் மட்டும் வாய்திறக்கும். எமது வானொலி சந்தித் தேநீர்க் கடையில் இருந்தது. ஒரு வெறுந் தேநீர் வாங்கினால் மூன்று பாட்டுக் கேட்கலாம். அதற்கு மேல் நின்றால் முதலாளி வெற்றுக் குவளையை எடுத்துவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்குவார். அது போகச் சொல்வதன் அடையாளம்.

அந்தப் பெட்டியிலிருந்து வந்த குரலுக்கு இருந்த பெருமையை இன்றைய மாணவர் அறியார். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளின் பொருட்டு இங்கு அமைக்கப்பட்ட ஒலிபரப்புச் சாதனங்கள் 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதனை ஒடுக்கினார். அந்நாட்டு மக்கள் பாட்டுக் கேட்பதை விட்டாரல்லர். வானொலியின் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தனர். அமீன் சயானியின் இந்திப் பாட்டு வரிசைக்கு வடக்கே எத்துணை அன்பு இருந்ததோ, தமிழ்ச் சேவையின் மயில்வாகனனுக்குத் தமிழகத்தில் அத்துணை அன்பு இருந்தது. ஈற்றில் 1957 ஒக்டோபரில் ‘விவித பாரதி’ என்னும் தனிச் சேவையைத் தொடங்கி, ஒடுக்கிய பாட்டுக்கு இந்திய வானொலியே கதவு திறந்தது. ஓர் அமைச்சர் வெட்கப்பட்ட பாட்டுக்கு நம் நாடு விளம்பரக் காசு வாங்கிற்று. அதே பாட்டுக்கு நம் விடுதியிற் பிரம்படி கிடைத்தது.

எமது வகுப்பில் ஒருவர் இருந்தார். இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர். பிரார்த்தனை மண்டபத்திற் பஞ்சபுராணம் ஓதுவதில் அக்காலத்தில் அவருக்கு நிகரில்லை. 1965ஆம் ஆண்டுத் தமிழ் மன்றக் கலைவிழாவில் அவர் முதலில் ஒரு தேவாரம் பாடினார். சபை உருகிற்று. பின்வரிசையிலிருந்து “இன்னொன்று” என்று குரல் எழுந்தது. ஒரு கணம் தயங்கி நின்றவர், முந்திய ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடிவிட்டார். விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசையமைத்த படம் அது. மேனாட்டு மெட்டின் துள்ளல் நிறைந்தது. பாட்டின் பொருள் யாதென்பதைப் படத்தின் பெயரே சொல்லும். மண்டபம் முதலில் வாயடைத்தது. பின்பு அதிர்ந்தது. முன்வரிசை ஆசிரியர்கள் எழுந்து வெளியேறினர்.

நாம் அப்போது மன்றத்தின் செயலாளர். மறுநாட் கூடிய செயற்குழுவில், “கல்லூரியின் மரபுக்கும் மன்றத்தின் மாண்புக்கும் மாசு தேடிய செயல்” என்று கண்டித்துத் தீர்மானம் வரைந்தது எமது கை. மோனை நன்கு அமைந்துவிட்டதென்று உள்ளூர மகிழவுஞ் செய்தோம். எழுவர் கை உயர்த்தினோம். ஏகமனதாக நிறைவேறிற்று. அவ்வெழுவரில் ஐவராவது மதிலேறிக் குதித்துச் சென்று அப்படத்தைப் பார்த்தவர்கள். நாம் இருமுறை பார்த்தோம். கூட்டம் முடிந்து சந்திக்குப் போய் வெறுந் தேநீருக்குச் சொல்லி வாய்மூடு முன்னே அதே பாட்டு வானொலியில் வந்தது. எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஆயினும் எவரும் எழுந்து போகவுமில்லை. மூன்று பாட்டுங் கேட்டே திரும்பினோம்.

அவரைப் பஞ்சபுராணம் ஓதுவோர் வரிசையினின்றும் நீக்கினர். அவர் தந்தையார் ஒருநாள் வந்து அதிபரைக் கண்டு சென்றார். நண்பர் எம்மோடு பகைக்கவில்லை. பந்தாட்டத்திலும் பரீட்சையிலும் முன்போலவே இருந்தார். பாடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கல்லூரியை விட்டு நீங்குமளவும் அவர் வாய்விட்டுப் பாட நாம் பின்னொருபோதுங் கேட்டதில்லை.

இதனோடு ஒட்டி இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. எமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் சினிமாவை ‘இருட்டுக் கொட்டகை’ என்றன்றி வேறு பெயராற் சொல்லார். ஒருநாள் விறாந்தையில் ஒரு மாணவன் படப்பாட்டொன்றை முணுமுணுத்துக் கொண்டிருந்தான். பின்னால் வந்த பண்டிதர் நின்றார். “அவ்விடத்திற் சொல் அதுவன்று, அப்படிப் பாடினால் எதுகை கெடும்” என்று திருத்தி, உரிய சொல்லையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பாற் சென்றார். நாலடி சென்ற பின்னரே தாம் செய்தது அவருக்குப் புலப்பட்டது போலும். திரும்பி வந்து, “அதற்காகப் பாடலாமென்று நான் சொல்லவில்லை” என்றார். அன்று தொட்டு அவர் வகுப்பில் நாம் காட்டிய அன்பு இருமடங்காயிற்று.

எமது மனத்தாங்கல் வேறு. கண்ணதாசனும் பட்டுக்கோட்டைக் கல்யாணசுந்தரமும் எழுதியவற்றுள் பழந்தமிழ் எங்கே நிற்கின்றது, மெட்டை நிரப்ப வந்த வெறுஞ் சொல் எங்கே நிற்கின்றது என்று பிரித்துக் காட்ட அந்தப் பண்டிதரினும் வல்லார் யார்? எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வகுப்பு, ஒரேயொரு வகுப்பு, அவர் அதற்கென ஒதுக்கியிருந்தால் நமக்குச் சுவைக்கக் கற்பித்தவராவார். அவர் ஒளித்தார். நாமும் ஒளித்தோம். அதனால் மணியையும் பதரையும் ஒரே இருட்டில் வைத்து விழுங்கினோம். சுவை கெட்டதென்றால் அது பாட்டினால் மட்டும் கெட்டதன்று.

கேட்பதற்கு நாணுவதும், காலஞ் சென்றபின் அதனையே போற்றுவதும் நம்மவர்க்குப் புதிதன்று. இன்று சபைகளிற் கண்மூடிக் கேட்கப்படும் பத்திப் பாடல்கள் சில 1945இல் வெளிவந்த ‘மீரா’ என்னும் படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்துப் பாடியவை. ஜி. என். பாலசுப்பிரமணியம் 1940இல் ‘சகுந்தலை’யில் துஷ்யந்தனாக வந்தார். தண்டபாணி தேசிகர் 1942இல் நந்தனாரானார். பாபநாசம் சிவன் ‘ஹரிதாஸ்’ முதலிய படங்களுக்குப் பாட்டெழுதினார். நம் தந்தையர் தம் தந்தையர்க்குத் தெரியாமற் கொட்டகைக்குப் போய்க் கேட்டவற்றை நாம் குத்துவிளக்கேற்றிக் கேட்கின்றோம்.

சின்னமேளத்தின் கதையும் இதுவே. கோயில்களிற் பொதுமகளிர் ஆடலை ஆறுமுக நாவலர் கடிந்துரைத்தார். அவர் 1879இல் மறைந்த பின்னும் பல்லாண்டு காலம் சின்னமேளம் நம் ஊர்த் திருவிழாக்களை விட்டகலவில்லை. நாவலர் சொன்னது சரி என்று பகலிற் பேசியவர்கள் இரவிற் சால்வையாற் காதை மூடியபடி தேர்முட்டி நிழலில் நின்று பார்த்ததை எமது பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தாம் எங்கே நின்றார் என்பதை அவர் சொல்லவில்லை. அதே ஆடல் 1930களிற் சென்னையிலே பரதநாட்டியம் என்னும் பெயரோடு உயர்ந்தோர் மேடை ஏறிற்று. இன்று நம் பெண்மக்களை அதிலே அரங்கேற்றப் பொன்னும் பொருளுஞ் செலவிடுகின்றோம். இடையில் மாறியது ஆடல் மட்டுமோ, ஆடியவர் யார் என்பதும் மாறியதோ என்பதை அன்பர்கள் தாமே எண்ணிப் பார்ப்பாராக.

மேளச் சமாவைச் சொல்லாமல் விடுதல் கூடாது. விடியற்புறம் இரண்டு மணிக்கு மேல், இராகமெல்லாம் ஆலாபனை செய்து களைத்த நாதசுர வித்துவானிடத்துத் துண்டுக் கடதாசிகள் வந்து சேரும். எல்லாம் படப்பாட்டுக் கேட்டவை. ஒன்றிலேனும் எழுதியவர் பெயர் இராது. துண்டை யார் எழுதினார் என்று கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கும். எழுதியவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். இது வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. அவ்விரவிலே தோடி கேட்டுக் கண் கலங்கிய பெரியவர் ஒருவர், மறுநாள் அவ்வித்துவானைத் தம் வீட்டு விறாந்தையிற் சமமாக இருத்த மனமின்றி முற்றத்தில் நிறுத்திப் பணங்கொடுத்தார். அப்போது எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அப்பெரியவர் எமது உறவினர். அதனைப் பற்றி எவரும் நாணியதாகத் தெரியவில்லை.

1970களில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. இ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் கலியாண வீடுகளிற் புகுந்தன. பொப்பிசை என்றார்கள். பைலாத் தாளத்திலே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் துள்ளிற்று. மேசைக்கு மேலே முகத்தைச் சுளித்த கனவான்களின் செருப்பு மேசைக்குக் கீழே தாளம் போட்டதை நாம் பலமுறை கண்டோம். அவற்றிற் பெரும் இசை இருந்ததென்று வாதாட வரவில்லை. ஆனால் நம் ஊர் வழக்குச் சொல்லை இசைத்தட்டில் ஏற்றியவர்கள் அவர்களே. நாம் நாணியது தாளத்துக்கோ, நம் சொல்லுக்கோ என்று ஐயமாயிருக்கின்றது.

ஒளிக்காமற் கேட்ட ஒரு காலமும் இருந்தது. 1990இற் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் வரவில்லை. மின்கலமுங் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் சிறு மின்னோட்டத்தால் வானொலியையும் ஒலிநாடாப் பெட்டியையும் இயக்கினோம். முதலிற் செய்தி. எங்கே எறிகணை விழுந்தது, எத்தனை பேர் மாண்டனர் என்பது தெரிந்த பின்பு, ஒருவரும் எழுந்து போகாமல் இருட்டில் இருப்போம். அப்போது யாரேனும் ஒரு நாடாவை எடுத்துப் பெட்டியிற் போடுவார். பெரும்பாலும் படப்பாட்டே. சுழற்றும் கை தளர்ந்தால் பாடகரின் குரலுந் தளர்ந்து, ஆண்குரல் பூதத்தின் குரலாகிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். வேறொருவர் எழுந்து கை மாற்றுவார். எமது அயலில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் சினிமாவை வைதவர். ஓரிரவு அவர் தாமே எழுந்து வந்து, மூச்சு வாங்க வாங்க ஒரு முழுப் பாட்டுக்கும் மிதியைச் சுழற்றினார். பாட்டு முடிந்ததும், “இன்னொருக்கா விடு தம்பி” என்றார். சக்கரத்தின் இரைச்சலோடு கேட்கும் பாட்டை ஒளித்துக் கேட்க இயலாது. ஒளிக்க வேண்டுமென்று அந்நாளில் எவர்க்குந் தோன்றவுமில்லை.

மின்சாரம் மீண்டது. அதனோடு ஒளிப்பும் மீண்டது. சன் தொலைக்காட்சியில் 1999இல் ‘சித்தி’ தொடங்கிற்று. 2003இற் ‘கோலங்கள்’ தொடங்கி ஆறாண்டு ஓடிற்று. நம் நண்பர்களுள் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணியுமாக எத்தனையோ பேர், “வீட்டில் அவ பார்க்கிறா, நான் பத்திரிகை வாசிச்சுக்கொண்டு சும்மா இருக்கிறனான்” என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். அங்ஙனம் பத்திரிகை வாசித்தவர்க்கு நாயகியின் நாத்தனார் எந்த வழக்கில் எந்தக் கையொப்பத்தைக் கள்ளமாக இட்டாள் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. நாமும் பத்திரிகை வாசித்தவரே. இப்போது காதுக்குள் செருகும் கருவி வந்துவிட்டபடியால் பத்திரிகையும் வேண்டியதில்லை. ஆனால் கைத்தொலைபேசி நாம் கேட்டவற்றுக்கெல்லாங் கணக்கு வைத்துப் பேரப்பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கின்றது. தேநீர்க் கடை முதலாளிக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை.

நாம் சொல்வது கேட்டவையெல்லாம் நல்லவை என்பதன்று. நாணவேண்டியவையும் இருந்தன. படங்களின் நகைச்சுவைக் காட்சிகளிற் கறுத்த பெண்ணையும், பருத்த பெண்ணையும், திக்கிப் பேசுபவனையும், காது கேளாதவனையும் எள்ளி நகையாடியபோது கொட்டகை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தோம். கணவன் மனைவியைக் கன்னத்தில் அறைந்து திருத்தும் இடங்களிற் கைதட்டினோம். வீட்டுக்கு வந்து அவற்றைத் தாய்மார் முன்னிலையிலேயே நடித்துங் காட்டினோம். ஒருவரையும் புண்படுத்தாத காதற் பாட்டை ஒளித்தவர்கள், பலரைப் புண்படுத்திய கேலியை வெளிச்சத்திலே கொண்டாடினோம். விடுதி மேற்பார்வையாளர் முதற்பாவத்துக்கு அடித்தார். இரண்டாவதற்கு அவரும் சிரித்தார்.

ஆதலின் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவ்விதிக்கு எதிராகவே நாம் கை உயர்த்துவோம். விழா இரவு தேவாரத்தோடு தொடங்கட்டும். வீணையும் நாதசுரமும் ஆடலும் தமக்குரிய நேரத்தைக் குறைவின்றிப் பெறட்டும். அவற்றின்பின் அரைமணி நேரம் பழைய மாணவர் விரும்பிக் கேட்கும் பாட்டுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். சினிமாப் பாட்டாயினும், பொப்பிசையாயினும் ஆகுக. ஒரு நிபந்தனை மட்டும் வைப்போம். துண்டெழுதிக் கேட்பவர் தம் பெயரும் வகுப்பும் ஆண்டும் எழுதிக் கையொப்பமிட்டே கேட்கவேண்டும். பெயரில்லாத் துண்டு வாசிக்கப்படலாகாது. இன்ன பாட்டு ஏன் பிடிக்கும் என்று ஒரு வசனம் சேர்ப்பாராயின் மேலும் நன்று. எத்தனை துண்டு வரும் என்று பார்ப்போம்.

இவ்வெண்ணம் தோன்றியதும் 1965இற் பாடிய நண்பரை அழைத்துப் பேசினோம். அவர் இப்போது கனடாவில், ரொறன்ரோவில் இருக்கின்றார். ஞாயிறுதோறும் கோயிலிற் பிள்ளைகளுக்குத் தேவாரம் பழக்குகின்றார். நலம் விசாரித்த பின்பு, அந்தத் தீர்மானத்தை எழுதியவர் நாமே என்று சொன்னோம். அறுபதாண்டாகச் சொல்லாதிருந்தது. அவர் சிரித்தார். “அந்த மோனை உன்ரை எண்டு அப்பவே தெரியும் மச்சான்” என்றார்.

விழாவுக்கு வந்து அந்தப் பாட்டை மீண்டும் பாடமுடியுமோ என்று கேட்டோம். சிறிது நேரம் பேச்சில்லை. குரல் போய்விட்டதென்றார். பிறகு, குரல் அவ்வளவு போகவில்லை, தேவாரமொன்று பாடுவதாயின் வரலாம் என்றார். விழாவை எல்லாரும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்புவார்கள், தம்மிடம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் சொன்னார். தம் பேரன் படப்பாட்டுக் கேட்டால் தாமே அணைத்துவிடுவதாகவும் சொன்னார். நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அந்தத் தீர்மானத்தை எழுதிய கை எமது கை.

பாட்டு நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். மறுமொழியாக அவர் மெல்லிய குரலிற் பாடத் தொடங்கினார். பல்லவி முடிந்து, இடையிசையையும் வாயாலே போட்டு, முதலாஞ் சரணத்தின் பாதிக்கு வந்திருந்தார். சொல் ஒன்றும் பிழைக்கவில்லை. அங்கே ஏதோ கதவு திறக்கும் சத்தங் கேட்டது. பாட்டு நின்றது. “அங்கை இப்ப மழையோ?” என்று உரத்த குரலிற் கேட்டார். மழை இல்லை என்றோம்.

தொலைபேசியை வைக்குமுன், இதையெல்லாம் மலரில் எழுதுவதானால் எழுதிக்கொள்ளும்படியும், தம் பெயரை மட்டும் போட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். போடவில்லை.